பழைய காசுக்கு என்ன விலை?

'நாணயம்' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று காசு, மற்றொன்று நேர்மை. ஒரே வீட்டில் குடியிருக்கும் இந்த இருவருக்கும் எப்போதும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. முப்பது வருடங்களுக்கு மேலாகப் பழைய காசு சேர்த்து வருகிற எனக்கு, காசில் நாணயம் இருக்கிறதா என்று பார்ப்பதே முக்கால்வாசி வேலையாகப் போய்விட்டது.

நான் வரலாறு படித்தவன் அல்ல. பெங்களூரில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் டூல் ரூமில் அச்சு செய்யும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இரும்பில் அச்சு வெட்டி, அதில் உலோகத்தை வைத்து அழுத்தி உருவம் எடுப்பதுதான் என் பிழைப்பு. காசும் அப்படிப் பிறப்பதுதானே! அந்த உறவில்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. அல்சூர் பக்கத்தில் பழைய காசு கிடைத்தவர்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டுவது வழக்கம். அப்படி வந்த ஒருவரின் கதையை ஒட்டி, பழைய காசுக்கு விலை எப்படி ஏற்படுகிறது, போலியை எப்படிக் கண்டுகொள்வது என்று எனக்குத் தெரிந்ததை இங்கே சொல்கிறேன்.

சுருக்குப்பையில் பதினாறு காசு

சென்ற ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை. அடுத்த தெரு அக்கா ஒரு சுருக்குப்பையோடு வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். கணவர் இல்லை. மகள் வீட்டோடு இருக்கிறார்.

"தம்பி, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுப்பா. இதுல இருக்கிற ராமர் காசுக்கு மட்டும் எட்டு லட்சம் தர்றேன்னு ஒருத்தர் போன்ல சொல்றாரு."

பேரன் கைப்பேசியில் ஏதோ படம் பார்த்து, அதில் இருந்த எண்ணுக்குக் காசின் புகைப்படத்தை அனுப்பியிருக்கிறான். அரை மணியில் பதில் வந்துவிட்டது. பதிவுக் கட்டணம் என்று 2,100 ரூபாய் கேட்டார்களாம், அனுப்பியாயிற்று. இப்போது வரி என்று 15,500 ரூபாய் கட்டினால் மறுநாளே ஆள் பணத்தோடு வீட்டுக்கு வருவானாம்.

"பேத்திக்கு காலேஜ் பீஸ் கட்டணும். இந்த வளையலை அடகு வெச்சு அனுப்பிடலாமான்னு உன்னை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தேன்."

"அக்கா, இன்னிக்கு ஒரு நாள் வளையல் கையிலேயே இருக்கட்டும். பையை அவிழுங்க, பார்ப்போம்" என்றேன்.

மேஜைமேல் துண்டை விரித்துக் கொட்டினோம். வெள்ளி ரூபாய் ஒன்பது. ஓட்டைக் காலணா ஐந்து. புலி போட்ட 1947 ரூபாய் ஒன்று. மஞ்சள் துணியில் தனியாக முடிந்த ராமர் காசு ஒன்று. மொத்தம் பதினாறு, அந்தக் கால ரூபாய்க்கு அணா இருந்த கணக்கு. (பதினாறு அணா, அறுபத்துநான்கு காலணா, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு தம்பிடி: இதுதான் அன்றைய ஒரு ரூபாய். 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தபோது இந்தக் கணக்குக்கு விடை கொடுத்தோம்.)

பழசு என்றால் விலையா?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். காசு எவ்வளவு பழசோ அவ்வளவு விலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

ராஜராஜ சோழனின் செப்புக் காசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் நிற்கும் உருவம். மறுபக்கம் உட்கார்ந்த உருவம், அதனருகே நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்ற பெயர். ஆயிரம் ஆண்டுப் பழமை. தஞ்சைப் பெரிய கோயில் எழுந்த காலத்தில் மக்கள் கையில் புழங்கிய காசு. ஆனாலும் சாதாரண நிலையில் உள்ள ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கே வாங்கிவிடலாம். காரணம், அவை ஏராளமாக அடிக்கப்பட்டன. ஏராளமாக மண்ணிலிருந்து கிடைத்தும் இருக்கின்றன. மாறாக, நம் பாட்டனார் காலத்து 1939-ஆம் வருட ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் மிகமிக அரிது. சோழன் காசு நூறு வாங்கும் பணத்துக்கும் அசலான அந்த ஒரு ரூபாய் கிடைக்காது.

விலையைத் தீர்மானிப்பவை மூன்று கேள்விகள்.

முதல் கேள்வி: இன்று எத்தனை மிஞ்சியிருக்கின்றன? எத்தனை அடித்தார்கள் என்பது வேறு, எத்தனை மிஞ்சின என்பது வேறு. 1911-ஆம் வருட ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் இதற்கு நல்ல உதாரணம். மன்னரின் அங்கியில் ஒரு சிறு யானை உண்டு. தும்பிக்கை குட்டையாக அமைந்துவிட்டதால் அது பன்றி போலத் தெரிந்தது. முஸ்லிம் மக்களிடையே எதிர்ப்பு எழுந்தது. ஏறத்தாழ 94 லட்சம் காசு அடித்திருந்தும் வெளியே போனவை சுமார் 7 லட்சந்தான். மீதியை உருக்கிவிட்டு, 1912-இல் தும்பிக்கையைத் திருத்தி மறுபடி அடித்தார்கள். 'பன்றி ரூபாய்' என்று சேகரிப்பவர்கள் அதைத் தேடி வாங்குவது அதனால்தான்.

இதன் மறுபக்கமும் உண்டு. சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அடித்த 1808-ஆம் வருடச் செப்புக் காசுகளை ஏற்றிக்கொண்டு 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் கிளம்பியது. 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை ஒட்டிய குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980-களில் முக்குளித்தவர்கள் அந்தக் காசுகளை லட்சக்கணக்கில் வெளியே எடுத்தார்கள். நம் ஊருக்கு வரவேண்டிய காசு நூற்றெழுபது வருடம் கடலில் கிடந்து, கடைசியில் மலிவு விலைக்கு உலகமெல்லாம் போனது. நேற்றுவரை அரிதாக இருந்தது நாளையே மலிந்துபோகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இரண்டாவது கேள்வி: எந்த நிலையில் இருக்கிறது? சேகரிப்பவர்கள் ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரா ஃபைன், அன்சர்குலேட்டட் என்று படிப்படியாகத் தரம் பிரிப்பார்கள். அமெரிக்காவில் 1949-இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் ஒன்று முதல் எழுபது வரை மதிப்பெண் போடும் முறையைக் கொண்டுவந்தார். இன்று காசைப் பெட்டியில் அடைத்துச் சான்று தரும் நிறுவனங்கள் அந்த முறையைத்தான் பின்பற்றுகின்றன. ஒரே வருடம், ஒரே நாணயசாலை, ஒரே அச்சு. ஆனால் தேய்ந்த காசுக்கும் பையைவிட்டு வெளியே வராத காசுக்கும் விலை பத்து மடங்குகூட வித்தியாசப்படும். மன்னரின் புருவம், காது, கிரீடத்தின் மணிகள் ஆகியவைதான் முதலில் தேயும். அங்கே பார்த்தால் நிலை தெரிந்துவிடும்.

இங்கே என் அறியாமையையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பழக்கம் ஆரம்பித்த புதிதில், பச்சையும் கறுப்புமாக இருந்த செப்புக் காசுகளைப் புளி போட்டுத் தேய்த்துத் தங்கம்போல் ஆக்கி, ஒரு பெரியவரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "குத்துவிளக்கா இது? நூறு வருஷத்து மேல்தோலை உரிச்சுட்டியேப்பா!" என்றார். காலம் படியவைத்த அந்த நிறந்தான் காசின் மேல்தோல். அது போனால் விலை பாதிக்கும் கீழே போய்விடும். அக்காவின் ராமர் காசும் வெள்ளிக்கிழமைதோறும் புளி கண்ட காசுதான்.

மூன்றாவது கேள்வி: தேடுபவர் யார்? அரிய பொருளாக இருந்தாலும் அதை வேண்டும் என்று கேட்க இரண்டு பேராவது இருந்தால்தான் விலை ஏறும். 1972 முதல் பல பதிப்புகள் கண்ட க்ரௌஸ் பட்டியல் போன்ற புத்தகங்களில் விலை அச்சிட்டிருக்கும். அது வழிகாட்டி மட்டுமே. ஏலத்தில் அதே காசு, அதே தரத்தில், அண்மையில் உண்மையாகவே என்ன தொகைக்குப் போனது என்பதுதான் விலை. 'இத்தனை லட்சம் வேண்டும்' என்று யாரோ எழுதிவைத்திருப்பது விலை அல்ல, ஆசை.

போலிகள் எத்தனை வகை?

காசு நோட்டம் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. சங்க காலத்திலேயே அதற்கு 'வண்ணக்கன்' என்று பெயர் இருந்தது. புறநானூற்றுப் புலவர் ஒருவரின் பெயரே வடமவண்ணக்கன் தாமோதரனார். பொய்க்காசு இருந்ததால்தானே நோட்டக்காரர் தேவைப்பட்டார்!

என் தொழில் அனுபவத்தில் போலிகளை நான்காகப் பிரிப்பேன்.

முதல் வகை வார்ப்பு. அசல் காசைக் களிமண்ணிலோ வேறு பொருளிலோ பதித்து அச்சு எடுத்து, உருக்கிய உலோகத்தை ஊற்றுவது. அசல் காசு அழுத்தத்தால் பிறக்கிறது. அதனால் எழுத்தின் ஓரம் கூர்மையாக, தளம் வழவழப்பாக இருக்கும். வார்த்த காசில் எழுத்து சோப்பில் வெட்டியதுபோல் மழுங்கியிருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஊசிமுனை அளவுக் குழிகள் தெரியும். விளிம்பைச் சுற்றி இரண்டு பாதிகள் சேர்ந்த கோடு ஓடும். இன்னொரு ரகசியம்: இரண்டு காசில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி கீறல் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்குங்கள். தழும்பு இரட்டைப் பிள்ளைகளுக்கும் ஒரே இடத்தில் வராது.

இரண்டாவது வகை, புதிதாக அச்சு வெட்டி அடித்தது. இது சற்றுக் கஷ்டம். ஆனால் செய்தவரின் அறியாமை பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் நம் பெங்களூரிலும் இன்னும் பல ஊர்களிலும் காசு அடித்தார். 1787-இல் 'மவ்லூதி' என்ற புது ஆண்டுக்கணக்கைக் கொண்டுவந்து, அதன்பின் காசுகளில் ஆண்டு எண்ணை வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். இது தெரியாதவர் வழக்கம்போல இடமிருந்து வலமாக வெட்டிவிடுவார். யானை அழகாக இருக்கும். எண் அவரை மாட்டிவிடும்.

மூன்றாவது வகை, அசல் காசில் செய்யும் அறுவை சிகிச்சை. சாதாரண வருடத்தை அரிய வருடமாக மாற்றுவது. இதில் நானே ஏமாந்தவன். 1994-இல் ஒருவர் 1939-ஆம் வருட ரூபாய் என்று கொடுத்தார். என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்கினேன். மகன் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துவைத்த பணம் அது. எடை சரி, வெள்ளி சரி, விளிம்பு சரி. மறுநாள் டூல் ரூமில் பத்து மடங்குக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். கடைசி எண்ணின் கீழ்ப்பாதியில், இடது பக்கத்தில் நுண்ணிய சுரண்டல். அங்கே மட்டும் தளம் வேறு மாதிரி மின்னியது. 1938-இன் எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கியிருந்தார்கள். பதினைந்து வருடம் அச்சு வெட்டிய கை என் கை. உளி பட்ட இடம் எனக்குத் தெரியாதா? தெரிந்திருக்கும், வாங்குமுன் பார்த்திருந்தால். அவ்வளவு அரிய காசு ஏன் இவ்வளவு மலிவாக வருகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம். ஆசை வந்தால் கண் மறைக்கும் என்பதை அந்தக் காசு எனக்குக் கற்றுக்கொடுத்தது. என் மனைவிக்கு இந்தக் கதை பல வருடம் கழித்துத்தான் தெரியும்.

நான்காவது வகை, ஒருக்காலும் இல்லாத காசு. அசல் என்றே ஒன்று கிடையாது, கற்பனையில் செய்தது. அக்காவின் மஞ்சள் துணியில் இருந்தது இந்த வகை. அதற்குப் பிறகு வருகிறேன்.

வீட்டிலேயே செய்யும் சோதனைகள்

அக்காவின் வெள்ளி ரூபாய்களை ஒவ்வொன்றாக நிறுத்தேன். 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு ஒன்று இருந்தால் போதும். விக்டோரியா முதல் ஆறாம் ஜார்ஜ் வரை வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம். அரை கிராமுக்கு மேல் குறைந்தாலோ, எடை கூடினாலோ சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து காந்தம். வெள்ளியும் செம்பும் காந்தத்தில் ஒட்டா. ஒட்டினால் உள்ளே இரும்பு. ஆனால் இங்கே அவசரப்படக்கூடாது. அக்காவின் 1947-ஆம் வருடப் புலி ரூபாய் காந்தத்தில் டக்கென்று ஒட்டிக்கொண்டது. "ஐயோ, போலியா தம்பி?" என்றார் அக்கா. இல்லை. அந்த ரூபாய் வெள்ளியே அல்ல, நிக்கல். ஒட்டினால்தான் அசல்! எந்தக் காசு எந்த உலோகம் என்று தெரிந்துகொண்டு காந்தத்தை எடுக்க வேண்டும்.

மூன்றாவது தண்ணீர்ச் சோதனை. ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தராசின்மேல் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி, ஆனால் கிண்ணத்தில் எங்கும் படாதபடி தொங்கவிடுங்கள். தராசு ஒரு சிறிய எண் காட்டும். காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் வருவது அதன் அடர்த்தி. 1939 வரை வந்த ரூபாயில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. அதற்குத் தராசு சுமார் 1.13 காட்டும், அடர்த்தி 10.3. 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் வெள்ளி பாதிதான். அதற்குச் சுமார் 1.22 காட்டும், அடர்த்தி 9.5. வெள்ளி முலாம் பூசிய வெண்கலோகம் என்றால் 1.34 பக்கம் போய்விடும். கல்லில் உரசவேண்டாம், அமிலம் வேண்டாம், காசுக்கு ஒரு கீறலும் விழாது.

இந்த 1940 கணக்கு சேகரிப்பவர்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் தெரிய வேண்டும். எடையும் அளவும் மாறாமல் வெள்ளியை மட்டும் பாதியாகக் குறைத்த காலம் அது. அக்காவின் ஒன்பது ரூபாயில் ஆறு பழைய வெள்ளி, மூன்று புதிய வெள்ளி. ஆறில் 64 கிராமும், மூன்றில் 17 கிராமுக்குச் சற்று மேலும், ஆக 81 கிராமுக்குக் குறையாமல் சுத்த வெள்ளி இருக்கிறது. எல்லாவற்றையும் 'பாதி வெள்ளிதான் அம்மா' என்று ஒரே தட்டில் போட்டு நிறுத்தால் 52 கிராமுக்குத்தான் காசு கிடைக்கும். 29 கிராம் வெள்ளி பேச்சிலேயே கரைந்துவிடும். கடைக்குப் போகுமுன் வருடம் பார்த்து இரண்டாகப் பிரித்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கடைசிச் சோதனை விளிம்பும் எழுத்தும். காசின் முகத்தைப் பார்ப்பவர்கள் அதிகம். விளிம்பைப் பார்ப்பவர்கள் குறைவு. போலி செய்பவருக்கும் அது தெரியும். அதனால் அவர் சோம்பல் படுவதும் அங்கேதான். கோடுகள் சீராக ஓடுகின்றனவா, எங்காவது அரம் போட்ட தடம் உண்டா என்று சுற்றிப் பார்க்க வேண்டும். பிறகு, அசல் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு காசைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். புத்தகத்துப் படத்தைவிட ஓர் அசல் காசு மேலான ஆசிரியர்.

ராமர் காசு

எல்லாம் முடிந்து மஞ்சள் துணியை அவிழ்த்தேன். ஒரு பக்கம் ராமர், சீதை, லட்சுமணர், அனுமன். மறுபக்கம் 'ஈஸ்ட் இண்டியா கம்பெனி', 'ஒன் அணா', 1818. நம்மில் பலர் வீட்டுப் பூஜையறையில் இது இருக்கும். 1616, 1717 என்றெல்லாம்கூட வருடம் போட்டிருக்கும்.

இதில் உள்ள பாதி உண்மைதான் பொய்யை நம்பவைக்கிறது. கம்பெனிக்காரர்கள் சாமி உருவத்தோடு காசு அடித்தது உண்மை. சென்னையில் அவர்கள் வெளியிட்ட தங்க வராகன்களில் பெருமாள் உருவம் உண்டு. தேவியர் இருவரோடு நிற்கும் 'மூன்று சாமி வராகன்' என்றே ஒன்று உண்டு. நம் மக்கள் பழகிய காசின் சாயலில் இருந்தால்தான் வாங்குவார்கள் என்ற வியாபாரக் கணக்கு. ஆனால் ராமர் தர்பாரோடு 'ஒன் அணா' என்று ஆங்கிலத்தில் போட்ட செப்புக் காசை அவர்கள் ஒருபோதும் அடித்ததில்லை. 1616 என்று போட்டது இன்னும் வேடிக்கை. கம்பெனிக்குச் சென்னையில் இடம் கிடைத்ததே 1639-இல்தான்.

ராமர் பட்டாபிஷேக உருவம் பொறித்த வில்லைகளைப் பக்தியோடு வைத்துப் பூஜிப்பது நம் நாட்டில் நெடுநாள் வழக்கம். அதற்கு 'ராம டங்கா' என்று பெயர். அந்த வழக்கத்தின் மேலே பிற்காலத்தில் கம்பெனி பெயரை ஒட்டவைத்துச் செய்தவைதான் இவை. நாணயமாக இதற்கு மதிப்பில்லை.

இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தயக்கம். அவர் மாமியார் கையால் கொடுத்தது. ஐம்பது வருடம் பூப்போட்டது. சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப இது சாமியும் இல்லையா?" என்று கேட்டார்.

"சாமிதான் அக்கா. காசுதான் இல்லை" என்றேன்.

தொலைபேசியில் வரும் லட்சங்கள்

அந்த எட்டு லட்சம் என்ன கதை? பழைய காசுக்கும் நோட்டுக்கும் லட்சக்கணக்கில் தருவதாக ஆசைகாட்டும் கூட்டம் நாடெங்கும் இருக்கிறது. வைஷ்ணவி தேவி உருவம் போட்ட 2012-ஆம் வருட ஐந்து, பத்து ரூபாய்க் காசு, ட்ராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு, 786 என்று முடியும் நோட்டு: இவைதான் அவர்களுக்குப் பிடித்த தூண்டில் புழுக்கள். எல்லார் வீட்டிலும் இருக்கக்கூடிய பொருளாகப் பார்த்துச் சொன்னால்தானே எல்லாரும் மாட்டுவார்கள்!

அவர்களுக்கு உங்கள் காசு வேண்டியதே இல்லை. பதிவுக் கட்டணம், வரி, கூரியர், ரிசர்வ் வங்கிச் சான்றிதழ் என்று நீங்கள் அனுப்பும் பணந்தான் வேண்டும். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4-ஆம் தேதி இதைப் பற்றி வெளிப்படையாகவே எச்சரித்தது. பழைய நோட்டு, காசு வியாபாரத்தில் தங்களுக்குச் சம்பந்தம் இல்லை, அதற்காகக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தங்கள் பெயரில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை என்று அறிவித்தது.

இதில் நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றுதான். விற்பவர் பணம் வாங்க வேண்டும், பணம் கொடுக்கக்கூடாது. முறையான ஏல நிறுவனங்கள் தங்கள் கமிஷனை, காசு விற்றபிறகு அந்தத் தொகையிலிருந்து கழித்துக்கொள்வதுதான் வழக்கம். முன்பணம் கேட்டால் அங்கேயே தொடர்பை வெட்டிவிடுங்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள். அக்காவுக்காக நாங்களும் சொன்னோம். 2,100 ரூபாய் இதுவரை திரும்பவில்லை. வளையல் கையில் இருக்கிறது.

விற்கும்போது

சில குறிப்புகள். காசைத் தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள். ஓரத்தைப் பிடித்து எடுங்கள்; விரல் ஈரம் முகத்தில் படவேண்டாம். வருடவாரியாகப் பிரித்து எழுதிவையுங்கள். ஒருவரிடம் மட்டும் காட்டாமல் இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். வியாபாரி வாங்கும் விலை அவர் விற்கும் விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அவரும் கடை வாடகை கொடுக்கிறார். அதைக் குற்றமாக நினைக்க வேண்டாம்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் வருடச் சட்டப்படி தொல்பொருள். உரிய அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லக்கூடாது. அமெரிக்காவிலிருந்து வரும் பிள்ளைகளிடம் விக்டோரியா ரூபாயை நினைவாகக் கொடுத்தனுப்புமுன் இதை யோசியுங்கள். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது காசுக் கலயம் கிடைத்தாலோ, 1878-ஆம் வருடப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

அக்காவின் பையில் எட்டு லட்சம் இல்லை. ஆனால் ஒன்றுமே இல்லாமலும் இல்லை. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் மூன்றில் ஒன்று 1911. யானையா பன்றியா என்று பூதக்கண்ணாடியில் அக்காவே பார்த்துச் சிரித்தார். நல்ல நிலையில் இருந்தது. புளி படாமல் பையின் அடியில் தப்பியிருந்தது. இங்கே நடந்த ஒரு நாணயக் கண்காட்சியில் அதைச் சேகரிப்பவர் ஒருவர், வெள்ளி விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து வாங்கிக்கொண்டார். மற்ற எட்டு வெள்ளியையும் நான் எழுதிக்கொடுத்த சீட்டோடு சிக்பேட்டைக்குக் கொண்டுபோய், இரண்டு தட்டாகப் பிரித்து நிறுக்கவைத்து விற்றார். பேத்தியின் கட்டணத்தில் ஒரு பகுதி அதில் அடைந்தது. ஓட்டைக் காலணா ஐந்தையும் பேரன் எடுத்துக்கொண்டான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தராசும் கண்ணாடியும் பார்க்க என் வீட்டுக்கு வருகிறான்.

ராமர் காசு பழையபடி பூஜையறையில் இருக்கிறது. என் 1939-உம் என் மேஜை அறையில் இருக்கிறது. யாராவது மலிவாக அரிய காசு தருகிறேன் என்றால், முதலில் அதை எடுத்து ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.